பிஞ்சு பிடித்த கொடியில் கத்தி வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், பூசணிக்காயைப் பெருக்க வைப்பது எப்படி என்று ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. பிஞ்சு பிடித்த உடனேயே அதற்கு அப்பால் இரண்டு இலை மட்டும் விட்டுக் கொடியை வெட்டிவிடுங்கள், பக்கக்கொடி அத்தனையையும் அகற்றுங்கள், சத்து முழுவதும் காய்க்கே போகும் என்று நாலு வரி. கீழே, வெளிநாட்டில் ஒருவர் தன் நெஞ்சளவு உயரமான செம்மஞ்சள் பூசணிக்காயில் சாய்ந்துகொண்டு நிற்கும் படம்.

சனிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் வைத்தபடி என் படலையடிக்கு வந்தாள். "அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ, பிஞ்செல்லாம் மஞ்சளாகுது" என்றாள். போய்ப் பார்த்தேன். இரண்டு பரப்புத் தோட்டம், விதை நட்ட குழி 40. அதில் 29 குழியின் கொடிகளை ஞாயிறு பின்னேரமும் திங்களுமாக வெட்டி முடித்திருந்தாள். வேலியோரம் வெட்டிய கொடி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. அதுவும் மாடு தின்றது போக மிச்சம். வெட்டாத 11 குழியில் இலைகள் கைவிரித்து நின்றன. வெட்டிய பக்கத்தில் செம்மண்தான் அதிகம் தெரிந்தது. அந்த மண்ணில் தேசிக்காய் அளவிலும் கோழிமுட்டை அளவிலும் பிஞ்சுகள் நுனி கறுத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், காம்போடு கையில் வந்துவிட்டது.

இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவள் அவள். ஆடு விற்ற காசில் மண்ணெண்ணெய் வாங்கி இறைத்த தண்ணீர் அது. உங்களிடம் கோபித்துக்கொள்ள இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்துச் சனம் அச்சில் வந்ததை நம்பும். போனில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்வதைச் சந்தேகப்படுகிறவர்கள்கூடப் பத்திரிகையில் வந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் இந்த மாசி மாதத்திலேயே, வன்னியில் பாதித் தோட்டங்களில் பூசணி பிஞ்சு பிடித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே, இதைப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வன்னியில் விசுவமடுப் பக்கம். எங்கள் அப்பா 70களில் மிளகாய் செய்த நிலம் இது. சண்டையில் எல்லாரையும் போல ஓடி, முகாமில் இருந்து, மீள்குடியேறி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கிணற்றில் கப்பியும் இல்லை. கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதற்கு முன்னமே, மழைக்கு நட்ட பூசணி காய்த்துவிட்டது. அந்த வருசம் எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கறி, பூசணிப்பூ வறை, பூசணி விதை வறுவல் என்று மூன்று மாதம் ஓடியது. அன்றிலிருந்து ஒரு வருசமும் பூசணி நடாமல் விட்டதில்லை. அந்தக் கொடியோடு பழகிய பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிஞ்சு பிடிப்பதென்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். பூசணிப்பூ விடியப்புறம் விரியும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடிவிடும். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியே நிற்கும். பெண்பூ, அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்றை வைத்துக்கொண்டு கொடியோடு ஒட்டினாற்போல இருக்கும். தேனீ வரவில்லை என்றால், அல்லது ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து நாமே தடவிவிடவில்லை என்றால், மூன்று நாலு நாளில் அந்தப் பிஞ்சு மங்கி, மஞ்சளாகி, நுனியிலிருந்து சூம்பும். கரு பிடித்த பிஞ்சைப் பார்த்தாலே தெரியும். தோலில் எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம் வரும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது காம்பை மெல்ல வளைத்து நிலத்தைப் பார்க்கும். நான் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வளைவைத்தான் பார்ப்பேன். வளைந்துவிட்டால் மனதில் ஒரு நிம்மதி.

ஆனால் வளைந்த பிறகும் முதல் பத்து நாள் அது முழுதாகக் கொடியின் பிள்ளை இல்லை. தண்ணீர் குறைந்தாலோ, சூடு கூடினாலோ, இலை இல்லாமல் போனாலோ கொடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிஞ்சை உதிர்த்துவிடும். தங்கச்சியின் தோட்டத்தில் நடந்தது இதுதான். அவள் சத்தைக் காய்க்குத் திருப்பிவிட்டதாக நினைத்தாள். சத்தைச் சமைக்கிற இலைகளையே வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டாள்.

ஒரு குருத்திலை பாதி அளவு விரியும்வரை மற்ற இலைகளிடம் வாங்கித்தான் தின்னும். அதற்குப் பிறகுதான் தானாகச் சமைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கும். ஆக, கொடியின் நுனியில் ஓடிக்கொண்டிருக்கும் குருத்து தின்னும் வாய். விரிந்து முற்றிய இலை உலை வைக்கும் கை. காய்க்குப் போட்டியாக நிற்பது நுனிக் குருத்தும், தேவையில்லாத பிஞ்சும், கணுவுக்குக் கணு கிளம்பும் சின்னச் சின்னக் கொடிகளும்தான். அவற்றைக் கிள்ளினால் போதும். விரிந்த இலையில் கை வைக்கவே கூடாது.

உங்கள் குறிப்போடு போட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தில் இருக்கும் இனத்தை வளர்க்கிறவன் என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான். என் மூத்த மகன் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறான். வீட்டின் பின்வளவில் நாலு வருசமாக இராட்சதப் பூசணி வளர்க்கிறான். அட்லாண்டிக் ஜயன்ட் என்பது இனத்தின் பெயர். நோவா ஸ்கோசியா மாகாணத்தில் வின்ட்சர் என்ற ஊரில் ஹோவர்ட் டில் என்ற ஒரு கமக்காரர் வருசக்கணக்காக விதை தெரிந்து தெரிந்து உருவாக்கியது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு வருசம் உலகத்தின் மிகப் பெரிய பூசணிக்காய் அவருடையதுதான். அதற்கு முன் ஒன்டாரியோக்காரர் ஒருவர் 1904இல் அமெரிக்காவில் சென்ட் லூயிஸ் கண்காட்சியில் வைத்த 403 இறாத்தல் (183 கிலோ) காய், 70 வருசத்துக்கு மேல் யாராலும் முந்த முடியாமல் இருந்ததாம். இப்போது கணக்கு எங்கேயோ போய்விட்டது. 2012இல் முதல் தடவையாக 2,000 இறாத்தலை (907 கிலோவை) தாண்டினார்கள். 2023இல் அமெரிக்காவில் ஒன்று 1,247 கிலோ நிறுத்தது. 2025 ஒக்டோபரில் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர் இருவரின் காய் அதையும் தாண்டி 1,278 கிலோவுக்கு மேல் போனது. எங்கள் வீதியில் ஓடும் சின்ன லொறி ஏற்றும் பாரம் அது, ஒரே ஒரு காயில்.

போன ஆடி மாதம் ஒரு நாள் இரவு, இங்கே எட்டரை மணி இருக்கும், மகன் வீடியோவில் எடுத்தான். அங்கே காலை நேரம். போனைக் கொடியருகில் பிடித்துக்கொண்டு, "அம்மா, இண்டைக்கு எட்டாம் நாள், பிடிச்சிட்டுது, பாருங்கோ" என்றான். தென்னங்குரும்பை மாதிரி மஞ்சள் நிறத்தில் ஒரு பிஞ்சு. "இந்தப் பக்கக்கொடியை இப்ப வெட்டட்டோ?" என்று கேட்டான். "பொறு தம்பி. எத்தின இலை நிக்குது, முதல் அதை எண்ணு" என்றேன். அன்று அவனும் நானும் முக்கால் மணித்தியாலம் பேசினோம். எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் அங்கே பழைய ஆட்களிடம் கற்றதை எனக்குச் சொன்னான். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

அந்த நாடுகளில் இராட்சதக் காய் வளர்ப்பவர்கள் பிஞ்சுக்கு அப்பால் இரண்டு இலையோடு வெட்டுவதில்லை. தாய்க்கொடியில், அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் பிடித்த பிஞ்சு ஒன்றைத் தெரிவு செய்வார்கள். அந்தத் தூரத்துக்குள் கொடியின் இரண்டு பக்கமும் போதிய இலை வந்திருக்கும் என்பதற்காகவே அவ்வளவு பொறுமை. காய்க்கு அப்பாலும் தாய்க்கொடியை இன்னும் பத்தடிக்குக் குறையாமல் ஓடவிட்டுத்தான் நுனியைக் கிள்ளுவார்கள். பக்கக்கொடிகள் இரண்டு பக்கமும் மீன்முள் போல நேராக ஓடும். ஒரே ஒரு காய்க்கு 500 சதுர அடிக்கு மேல் நிலம் முழுவதும் இலை. உலகத்திலேயே பூசணி இலையை அதிகம் காத்து வைத்திருப்பவர்கள் இந்தப் பெருங்காய்க்காரர்தான். அவர்கள் வெட்டுவது பக்கக்கொடியிலிருந்து மறுபடி கிளம்பும் மூன்றாம் தலைமுறைக் கொடியையும் மற்றப் பிஞ்சுகளையும்தான். உங்கள் குறிப்பை எழுதியவர் 'கொடியை வெட்டுவார்கள்' என்ற பாதியைக் கேட்டிருக்கிறார், எந்தக் கொடியை என்ற மறுபாதியை விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் தாய்க்கொடி, பிள்ளைக்கொடி, பேரக்கொடி என்று சொல்லுவோம். சொல்லிக்கொடுக்க இது லேசு. நான் செய்வதை இந்தப் பெயர்களை வைத்தே எழுதுகிறேன்.

பேரக்கொடியை விரல் நீளத்தில் இருக்கும்போதே நகத்தால் கிள்ளி எடுப்பேன். அதற்குக் கத்தி வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை காலையில் ஒரு சுற்று வந்தால் போதும். விட்டுவிட்டால் ஒரு கிழமையில் அது ஒரு முழம் ஓடி, ஐந்தாறு இலை வைத்துவிடும். அப்புறம் வெட்ட மனமும் வராது, வெட்டினால் கொடிக்கும் நட்டம். பிள்ளைக்கொடி ஆளுயரம் ஓடியதும் நுனியை மட்டும் கிள்ளி, கிள்ளிய முனையை ஒரு பிடி மண்ணால் மூடிவிடுவேன். தாய்க்கொடியில் கைவைக்க அவசரமே இல்லை. காய் தேங்காய் அளவுக்கு வரவேண்டும், இனி உதிராது என்று மனதுக்கு நிச்சயம் வரவேண்டும். அதன் பிறகு காய்க்கு அப்பால் பத்து இலையாவது விட்டுத்தான் நுனியைக் கிள்ளுவேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்வதில்லை. இன்று இந்தப் பக்கம் என்றால், மூன்று நாள் கழித்து மற்றப் பக்கம்.

வெட்டிய கொடியை இழுக்கக் கூடாது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் தங்கச்சியின் தோட்டத்தில் பாதிச் சேதம் இழுத்ததால் வந்தது. பூசணிக்கொடி ஓடும்போது சுருள் விட்டுப் பக்கத்துக் கொடியையும் இலைக்காம்பையும் புல்லையும் பிடித்துக்கொண்டுதான் ஓடும். ஒன்றை வெட்டி இழுத்தால் அந்தச் சுருள் பிடித்திருந்த நல்ல இலையெல்லாம் காம்பு முறிந்து சேர்ந்து வரும். கணுவில் இறங்கிய வேர் பிய்ந்துவிடும். பக்கத்தில் உள்ள பிஞ்சும் திருகுப்படும். வெட்டியதை இடையிடையே துண்டாக்கி, சுருளைக் கையால் அவிழ்த்து எடுக்க வேண்டும். நேரம் இல்லையா, அப்படியே கிடந்து காயட்டும் என்று விட்டுவிடலாம்.

மாசி மாதத்தில் இன்னொன்று. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மா சொல்லவில்லை. விடியற்காலையில் இலையைச் சரித்தால் மழை பெய்தது போல தண்ணீர் கொட்டும். பூசணியின் கொடியும் இலைக்காம்பும் உள்ளே கோறையானவை. ஈரத்தோடு வெட்டினால் அந்தக் குழாய்க்குள் பனித்தண்ணீர் நின்று வெட்டுவாய் அழுகத் தொடங்கும், அழுகல் கணுவுக்குக் கணு உள்ளே இறங்கும். ஈரமும் வெயிலும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். ஆகவே பனி உலர்ந்து, வெயில் உறைக்க முன், எட்டு ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பேன். பூப் பார்க்கும் நேரமும் அதுதான்.

கத்தி பாவிப்பதென்றால் ஒரு பேணியில் சவர்க்காரத் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு குழியிலிருந்து மறு குழிக்குப் போகும்போது கழுவுங்கள். இலை சுருண்டு பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழுகிற நோய், வெட்டிய கொடியின் பாலோடும் கத்தியில் ஒட்டிக்கொண்டு போகும். நோய் கண்ட குழியைக் கடைசியாகத் தொடுங்கள். தொடாமல் பிடுங்கி எரித்தால் இன்னும் நல்லது.

இனிக் காயின் காம்படிக்கு வருகிறேன். நான் அழுத இடம் இது.

2016ஆம் வருசம் கிணற்றடியில் ஒரு கொடி. தாய்க்கொடியில் ஒரே ஒரு காயை விட்டிருந்தேன். அந்தக் கொடி ஓடிய வழியெல்லாம் கணுக்களில் மண் அணைத்திருந்தேன், ஏனென்றால் மண் பட்ட கணுவில் வேர் இறங்கும், வேர் கூடினால் தண்ணீரும் பசளையும் கூட வரும். அது சரியான வேலைதான். ஆனால் காய்க்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த கணுக்களையும் அப்படியே மண் போட்டுப் புதைத்துவிட்டேன். காய் பெருத்தது. ஒவ்வொரு நாளும் அது ஒரு விரல் உயர உயர, அதன் தோள் கொடியை மேலே தள்ளியது. கொடியோ இரண்டு பக்கமும் வேரால் நிலத்தில் கட்டுண்டு கிடந்தது. எழும்ப முடியாமல், பாரம் முழுவதும் காம்பு கொடியோடு சேரும் அந்த முடிச்சில் விழுந்தது. ஒரு காலையில் போனேன். காம்படியில் ஒரு மயிரளவு வெடிப்பு, அதில் ஒட்டுப்பால் கசிந்து மணி போல உறைந்திருந்தது, எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் வெடிப்பில் என் சின்னவிரல் நகம் போனது. நாலாம் நாள் காய் தனியே கிடந்தது. கடைத் தராசில் வைத்தபோது 9 கிலோ. உள்ளே வெட்டிப் பார்த்தால் சதை வெளிறி, விதை தாள் போல. இன்னும் ஒரு மாதம் நின்றிருக்க வேண்டிய காய்.

கொடிக்குக் காய் பாரமா என்று கேட்பார்கள். கொடிக்குப் பாரமில்லைத்தான். காம்பு அப்படி இல்லை.

மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் பெருங்காய்க்காரர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்றான். அந்தக் காய்கள் உச்சப் பருவத்தில் ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேலும் ஏறுமாம். அதனால் பிஞ்சு சின்னதாக இருக்கும்போதே, கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஓரங்குலம் என்று வளைத்து, காம்பு கொடிக்குக் குறுக்காக நிற்கும்படி திருப்பிவிடுவார்கள். காய்க்கு இரண்டு பக்கமும் மூன்றடி தூரத்துக்குக் கொடியின் அடியில் இறங்கிய வேரையெல்லாம் அறுத்து, கொடி தடையின்றி மேலே எழும்ப வழி விடுவார்கள். காய்க்கு மிக ஒட்டிக் கிளம்பும் பக்கக்கொடி, காயின் தோளில் இடிக்கும் என்று தெரிந்தால் அதை மட்டும் அடியோடு எடுப்பார்கள். பிஞ்சைச் சுற்றி வெட்டும் வேலை என்பது உண்மையில் இவ்வளவுதான். காய்க்கும் கொடிக்கும் இடையில் இடம் உண்டாக்குவதற்காகச் செய்வது அது. காயைப் பெருப்பிக்கும் வேலையை இலையும் வேரும் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளும்.

எங்கள் காய் அந்த அளவுக்கு வளராது. நாங்கள் நடுவது வேறு இனம், இந்த வெக்கைக்குப் பழகிய இனம். மகனின் இனம் குளிர்ந்த இரவு கேட்கும். அதை இங்கே நட்டுப் பார்க்க நான் ஆசைப்படவும் இல்லை. ஆனால் காம்படி வேலையை எடுத்துக்கொண்டேன். இப்போது தனிக்காய் விடும் கொடியில், காய்க்கு இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு வேரைக் கத்தி நுனியால் அறுத்து, கொடியின் அடியில் காய்ந்த பனம்மட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுகிறேன், மறுபடி வேர் இறங்காது. காயின் கீழே வைக்கோல், அதன் மேல் பழைய கிடுகு. 2019இல் அப்படி விட்ட காய் 14 கிலோ வந்தது. காம்பு காய்ந்து மரம் போல ஆகும்வரை கொடியிலேயே நின்றது.

மகன் இருக்கும் நாட்டில் காயின் மேல் வெயில் படாமல் துணி கட்டுகிறார்கள், அதனால் காயை மூடும் இலையை எடுத்தாலும் அவர்களுக்குப் பரவாயில்லை. வன்னியில் பங்குனி வெயிலுக்கு அப்படிச் செய்தால் காயின் மேற்தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும், பிறகு அந்த இடம் வெடிக்கும். எங்களுக்கு அந்த இலைதான் குடை. தங்கச்சியின் தோட்டத்தில் உதிராமல் தப்பிய ஒன்பது பிஞ்சுக்கு நாங்கள் பழைய சாறித் துண்டு போட்டு மூடியிருக்கிறோம். பழ ஈ குத்தாமலும் அது காக்கும்.

இன்னொரு விசயம். எல்லாருக்கும் பெரிய காய் வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கலாம். தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றும் வியாபாரி இரண்டு மூன்று கிலோக் காயைத்தான் முதலில் கேட்பார். பெரிய காயை வெட்டி விற்க வேண்டும், வெட்டினால் மறுநாள் நிற்காது என்று விலையைக் குறைப்பார். விற்பனைக்கு நடும் குழியில் நான் கொடிக்கு மூன்று காய் விடுவேன், பிள்ளைக்கொடிகளிலும் காய்க்க விடுவேன், பேரக்கொடியை மட்டும் கிள்ளுவேன். தனிக்காய் விடுவது கிணற்றடியில் ஒரே ஒரு கொடியில்தான். அது விதைக்கு. கோயில் பொங்கலுக்கும் ஒன்று வைத்துவிடுவேன். வேறு இனப் பூவோடு கலக்காத வீட்டு விதையாக இருந்தால் அடுத்த வருசமும் அதே காய் வரும், கடையில் வாங்கிய ஒட்டுவிதைக் காயிலிருந்து எடுத்த விதையை நம்ப முடியாது. தங்கச்சி நட்டிருந்தது விற்பதற்கு. அவளுக்கு அந்தக் குறிப்பு தேவையே இல்லை. நெஞ்சளவு காயின் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆசையை நான் பிழை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன் என்றாள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே இடத்தில், திருத்தம் ஒன்று போடுங்கள். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வந்தால் வெட்டியவர்கள் கண்ணில் படாது. கொடியின் படம் ஒன்றைக் கோட்டில் வரைந்து, எது தாய்க்கொடி, எது பக்கக்கொடி, எந்த இடத்தில் கிள்ளுவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால், விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து தோட்டத்தில் நின்று சொல்லித்தருவார், அவருக்கு ஒரு வாசிப்புக்கு அனுப்பிவிட்டுப் போடுங்கள். இனி வரும் குறிப்புகளிலும் எந்த மாதம், எந்த மண், விற்பனைக்கா வீட்டுக்கா என்று ஒரு வரி சேருங்கள். ஒரு நாட்டுக் குறிப்பை இன்னொரு நாட்டுக்குப் போடும்போது அந்த ஒரு வரி இல்லாததால் 29 குழி போனது.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு: மிஞ்சிய கொடியைப் பிடுங்காதீர்கள். வெட்டுவாய் அழுகியிருந்தால் காய்ந்த நாளில் நல்ல இடம் வரை இன்னொரு கணு தள்ளி வெட்டி, அதில் சாம்பல் வையுங்கள். மஞ்சளான பிஞ்சை எடுத்துவிடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் கூட்டாமல், இறைக்கிற முறையிலேயே இறையுங்கள். ஒரு கிழமையில் கணுக்களில் புதுக்கொடி கிளம்பும். குழிக்கு இரண்டை மட்டும் விட்டு ஓடவிடுங்கள். வேர் உயிரோடு இருக்கும்வரை பூசணி விட்டுக்கொடுக்காது, இன்னும் மூன்று கிழமையில் மறுபடி பெண்பூ வரும். விலை நல்லாக இருக்கும் நேரம் தவறிப்போகும், அது கவலைதான், ஆனால் பிந்தியாவது காய் வரும்.

தங்கச்சியின் தோட்டத்துக்கு நானும் அவளும் காலையில் போய் வருகிறோம். நேற்று 17ஆவது குழியில் ஒரு கணுவில் இரண்டு இலைக் குருத்து எட்டிப் பார்த்தது. வெட்டாத 11 குழியில் ஒரு பிஞ்சு இன்று காலை காம்பை வளைத்திருக்கிறது. அவளுடைய சின்ன மகன் அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, பள்ளிக்கூடக் கொப்பி மட்டையில் திகதி எழுதிக் கட்டியிருக்கிறான்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து
ஒரு தோட்டக்காரி